மாத்திரை ஒன்று, மருந்து இரண்டு!

வயிற்று வலி வராத குடும்பம் உலகத்தில் இல்லை. அதற்கென்று வாங்கிய மாத்திரை அட்டை ஒன்று, பாதி தீர்ந்த நிலையில், அநேகமாக எல்லா வீட்டு அலமாரியிலும் கிடக்கிறது. தாய் அதை மகளுக்குக் கொடுக்கிறாள். மகள் தன் தோழிக்குக் கொடுக்கிறாள். கொடுப்பவர் மனத்தில் அன்பைத் தவிர வேறொன்றுமில்லை. ஆனால் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை வாசித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

வாசித்தால் ஓர் உண்மை விளங்கும். நம் தேசத்தில் மாதவிடாய் வலிக்கு மிகுதியாக விற்பனையாகும் மாத்திரையில் மெபெனாமிக் அமிலம் 250 மில்லிகிராமும், டைசைக்ளோமின் 10 மில்லிகிராமும் சேர்ந்திருக்கின்றன. கருப்பையை இறுகச் செய்து வலி தரும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் உடலில் உண்டாவதை முன்னது குறைக்கிறது. பின்னது குடல் முதலிய உறுப்புக்களின் தசைப் பிடிப்பைத் தளர்த்துகிறது. இரண்டு வேலைக்காரரை அமர்த்துகிறவர் இருவருடைய குணத்தையும் விசாரிக்க வேண்டாமா?

மெபெனாமிக் அமிலம் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கக் கூடியது. ஆகவே வெறும் வயிற்றில் உண்ணலாகாது. குடற்புண், சிறுநீரக நோய், இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் டாக்டரைக் கேளாமல் இதைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் அப்படியே, 20 வாரம் கடந்தபின் இவ்வகை மருந்து சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். முழங்கால் வலிக்கு உண்ணும் ஐபுபுரூபன், டைக்ளோபினாக் ஆகியவையும் இதே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் ஒருங்கே உண்டால் வலி தணிவது இரட்டிப்பதில்லை, தீங்குதான் பெருகும்.

டைசைக்ளோமினின் குணம் வேறு. வாய் உலரும், பார்வை மங்கும், தலை சுற்றும், தூக்கம் வரும். அந்த நிலையில் வண்டி ஓட்டுவது அபாயம். வியர்வையையும் அது குறைப்பதால், சித்திரை வெயிலில் அலைபவர்களுக்கு உடற்சூடு ஏறி மயக்கம் உண்டாகலாம். கண் நீரழுத்த நோயுள்ளவர்களும், சிறுநீர் தடைப்படும் முதியோரும் இதை விலக்க வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஒரு சொட்டும் கொடுக்கலாகாது, மூச்சே தடைப்படக்கூடும்.

வேறொரு வகை மாத்திரையில் டைசைக்ளோமினுடன் பாரஸிடமால் சேர்ந்திருக்கும். அதை உண்டவர் காய்ச்சலுக்கென்று பாரஸிடமாலைத் தனியாகவும் விழுங்கினால், அளவு மீறிக் கல்லீரல் கெடும். பெயர்கள் வேறாயிருப்பதால் உள்ளிருக்கும் மருந்தும் வேறென்று நினைப்பதே இந்த ஆபத்துக்குக் காரணம்.

2023 நவம்பர் 30-ஆம் தேதி இந்திய மருந்தியல் நூல் ஆணையம் மெபெனாமிக் அமிலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாகச் சிலருக்கு இம்மருந்தினால் காய்ச்சல், தோல் தடிப்பு, நிணநீர்க் கட்டிகளின் வீக்கம் ஆகியவை தோன்றி, உள்ளுறுப்புக்களும் பாதிக்கப்படலாம். டிரெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்நோய் மருந்து உண்ட இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் தலைகாட்டுவது வழக்கம். அப்போது மாத்திரையின் ஞாபகமே நமக்கு இராது! ஆகவே தடிப்பும் காய்ச்சலும் கண்டால், முன்பு உண்ட மருந்தையும் டாக்டரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. வலி என்பது உடம்பு நமக்கு எழுதும் கடிதம். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, அதனுடன் வாந்தி, காய்ச்சல் என்றால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். மாத்திரையால் வலியை அமுக்கிவிட்டுக் காத்திருந்தால் குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். கல்போல் இறுகிய வயிறு, கறுத்த மலம், மாதவிடாய் தள்ளிப்போனபின் ஒரு பக்கமாக எழும் கடுமையான வலி, இவற்றுக்கும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

மாதந்தோறும் பள்ளிக்கூடம் போக முடியாமல் சுருண்டு படுக்கும் பெண்ணுக்கு, "எல்லாருக்கும் உள்ளதுதானே!" என்று சொல்லி மாத்திரையை நீட்டுவது போதாது. கருப்பையின் உட்சவ்வு வேறிடங்களில் வளரும் நோயும் அவ்வலிக்குக் காரணமாகலாம். கூச்சத்தை விட்டுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டு எழுதித் தந்தால் அளவையும், எத்தனை நாள் உண்பது என்பதையும் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். அச்சீட்டு ஒருவருக்கே உரியது, தோழிக்கு உரியதன்று.