பாலைவனத்தில் கிடந்த போர் விமானம் மறுபடி பறப்பது எப்படி?

பல வருடம் பரணில் கிடந்த பிரஷர் குக்கரை இறக்கியதும் யாரும் அரிசியைக் களைந்து போட்டு அடுப்பில் ஏற்றிவிடுவதில்லை. கேஸ்கெட்டை இழுத்துப் பார்ப்போம். வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பழைய கஞ்சி காய்ந்து அடைத்திருக்கிறதா என்று பார்ப்போம். சேஃப்டி வால்வு பழசாகியிருந்தால் மாற்றுவோம். அடியில் வெள்ளை பூத்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவுவோம். இவ்வளவுக்குப் பிறகும் முதல் தடவை வெறும் தண்ணீர்தான். எங்கும் ஆவி கசியாமல் விசில் வந்தால்தான் அடுத்தது பருப்பு.

43 மீட்டர் இறக்கை விரிப்பும், முழுச் சுமையோடு 60 டன் எடையும் கொண்ட பி-29 குண்டுவீச்சு விமானத்தை மீட்டதும் ஏறக்குறைய இதே வரிசையில்தான்.

அந்த விமானத்தின் பெயர் ‘டாக்’. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரின் போயிங் தொழிற்சாலை கட்டிய 1,644 பி-29களில் ஒன்று. 1945 மார்ச்சில் ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது. போருக்குப் பிறகு ரேடார் கருவிகளைச் சரிபார்க்கும் படைப்பிரிவில் பறந்தது. அந்தப் பிரிவின் விமானங்களுக்கு வால்ட் டிஸ்னி படத்தில் வரும் ஏழு குள்ளர்களின் பெயர்களை வைத்திருந்தார்கள்; ‘டாக்’ அவற்றில் ஒன்று. 1956இல் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், சைனா லேக் கடற்படைச் சோதனைத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆயுதப் பயிற்சிக்கு இலக்காக நிற்பதுதான் அங்கே அதற்கு வேலை. அப்படியே 42 ஆண்டுகள் போயின. டோனி மசோலினி என்பவர் 1987இல் அதைக் கண்டுபிடித்தார். கடற்படை விட்டுக்கொடுத்து அவர் கைக்கு வந்தது 1998இல். 2000இல் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, லாரிகளில் ஏற்றி, பிறந்த ஊரான விச்சிட்டாவுக்கே கொண்டுவந்தார்கள்.

பி-29க்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1944 ஆகஸ்ட் 10 அன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29கள் திருகோணமலையின் சீனக்குடாவிலிருந்து கிளம்பி, சுமத்ராவின் பாலம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் போயின. அவற்றுக்காகவே அங்கே ஓடுதளத்தை நீட்டினார்கள். 1945 மார்ச்சில் டோக்கியோவை எரித்ததும், ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி மீது அணுகுண்டுகளைப் போட்டதும் இதே ரக விமானங்கள்தான். இதைச் சொல்லாமல் அதன் அழகை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அப்படி ஒரு இயந்திரம் எப்படி இருந்தது, எப்படி இயங்கியது என்பது கண்முன்னே தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் பாத்திரம். குக்கரைப் போலவே விமானத்தின் உடலும் அலுமினியம். ஆனால் சுத்த அலுமினியத்துக்குப் பலம் போதாது என்பதால் செம்பு சேர்த்த கலவையைப் பயன்படுத்துகிறார்கள். பலத்தைத் தரும் அந்தச் செம்பே அரிப்புக்கும் வழிவிடுகிறது. அதற்காகத் தகட்டின் இருபுறமும் மெல்லிய சுத்த அலுமினியப் படலத்தை ஏற்றியிருப்பார்கள். அந்தப் படலம் எங்கே கீறுகிறதோ, எஃகு போல்ட் எங்கே அலுமினியத்தைத் தொடுகிறதோ, அங்கே ஈரம் சேர்ந்தால் அரிப்பு தொடங்கிவிடும். குக்கரில் வெள்ளைப் பொடி வெளியே தெரியும். விமானத்தில் அது தகட்டின் உள்ளேயே துகளுக்கும் துகளுக்கும் இடையில் பரவும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். அதனால் கண்ணை நம்ப முடியாது. விரிசலுக்குள் புகுந்து நிறம் காட்டும் சாயத்தைப் பூசிப் பார்க்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள், உலோகத்தில் மின்சுழலை உண்டாக்கி, அது எங்கே தடுமாறுகிறது என்று அளக்கிறார்கள். டாக்கைக் காப்பாற்றியது பாலைவனத்தின் வறட்சி. கடலோரத்தில் அத்தனை வருடம் நின்றிருந்தால் மீட்க எதுவும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

போர்க்காலத்தில் விச்சிட்டாவில் இளம்பெண்ணாக இருந்து பி-29களின் மூக்குப் பகுதியில் ரிவெட் அடித்த ஒருவர், முதிய வயதில் திரும்பி வந்து இந்த விமானத்துக்கே தொண்டராக வேலை செய்தார். ஓய்வுபெற்ற விமானத் தொழிலாளர்கள் பலரும் அப்படி வந்தார்கள். பணத்தால் வாங்க முடியாத கைப்பழக்கம் அது. மீட்புப் பணியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அடுத்தது கேஸ்கெட். வறட்சி உலோகத்தைக் காப்பாற்றியது. அதே வெயில் ரப்பரைக் கொன்றது. ரப்பரை வளையவைக்கும் எண்ணெய்ப் பசை வெப்பத்தில் ஆவியாகும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதை இறுக்கி வெடிக்கவைக்கும். எரிபொருள் குழாய், ஆயில் சீல், பிரேக் வளையம், டயர் என்று ரப்பரானது எதையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை, மாற்றத்தான் வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கும் பழைய குழாய்தான் ஆபத்து. அழுத்தம் ஏறாதவரை அது கசியாது. ஏறும்போது விமானம் வானத்தில் இருக்கும்.

பி-29இல் சக்கரத்தை மடக்குவதும் இறக்கையின் மடிப்புகளை இறக்குவதும் மின்மோட்டார்கள், பிரேக்குக்குத்தான் ஹைட்ராலிக். அதனால் ஒயரிங் வேலை மலையளவு. உறை உதிர்ந்த பழைய ஒயரில் ஒரு பொறி போதும்.

இனி எஞ்சின். நான்கு ரைட் ஆர்-3350கள். ஒவ்வொன்றிலும் ஒன்பது ஒன்பதாக இரண்டு வரிசையில் 18 சிலிண்டர், 2,200 குதிரைத்திறன். போர்க்காலத்தில் அவசரமாக உற்பத்திக்கு வந்த எஞ்சின் இது. பின்வரிசைக்குக் காற்று போதாமல் சூடேறும். உறையில் இருந்த மக்னீசியம் தீப்பிடித்தால் அணைப்பது கடினம். இந்தத் தீயில் உயிரிழந்தவர்கள் உண்டு. அதனால் மீட்பவர்கள் பழைய எஞ்சினை அப்படியே ஓட்டுவதில்லை. அதே எஞ்சினின் பிற்கால மாடல்களிலிருந்து பாகங்களை எடுத்துச் சேர்த்து, நம்பத்தக்கதாகக் கட்டுகிறார்கள். வெயிட் குழாயில் கஞ்சி காய்வதுபோல எண்ணெய் வழிகளில் பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும். ஒன்று விடாமல் பிரித்துக் கழுவ வேண்டும்.

சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய இத்தகைய எஞ்சினுக்கு இன்னொரு குணம் உண்டு. நின்றிருக்கும்போது எண்ணெய் மெல்ல வடிந்து கீழ் சிலிண்டர்களில் தேங்கும். எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் கிளப்புவதற்கு முன் ஆட்கள் வரிசையாக நின்று புரொப்பெல்லரைக் கையால் தள்ளிச் சுற்றுகிறார்கள். எங்காவது இடறினால் பலத்தைக் காட்டக் கூடாது. கீழே உள்ள ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் வெறும் தண்ணீர்ச் சோதனை. நிறுத்திய இடத்திலேயே எஞ்சின்களை ஓட்டுவது, வடிகட்டியைக் கழற்றி உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்ப்பது, மெதுவாக உருட்டுவது, வேகமாக உருட்டி பிரேக் பிடிப்பது. 2016 மே மாதம் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை சான்றிதழ் தந்தது. ஜூலை 17 அன்று டாக் எழும்பியது. சில நிமிடங்களில் ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. உடனே இறக்கிவிட்டார்கள். பதினாறு வருட உழைப்பு, கீழே கூடி நின்ற கூட்டம், எதுவும் விமானியை இன்னொரு சுற்று போகவைக்கவில்லை. அந்த முடிவை நான் முதல் பறப்புக்குச் சமமாக மதிக்கிறேன்.

அதே ரகத்தில் ‘கீ பேர்ட்’ என்று இன்னொன்று. 1947 பிப்ரவரியில் கிரீன்லாந்தில் உறைந்த ஏரிமேல் இறங்கி, ஆட்கள் தப்பிக்க, அங்கேயே நின்றது. 1990களில் ஒரு குழு அங்கேயே போய், குளிரிலும் பனியிலும் பாடுபட்டு, எஞ்சின்களை மாற்றி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தது. 1995 மே 21 அன்று பறப்பதற்காக உருட்டியபோது, பின்பகுதியில் இருந்த துணை மின்கருவியின் எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. விமானத்தின் உடல் கருகிப்போனது. பெரிய எஞ்சின்கள் நான்கும் நன்றாகத்தான் ஓடின.

டாக் இப்போது விச்சிட்டாவின் தனிக் கொட்டகையில் இருக்கிறது. பறக்கும் நிலையில் உள்ள இரண்டு பி-29களில் ஒன்று. மற்றொன்றான ‘ஃபிஃபி’யும் அதே சைனா லேக்கிலிருந்து வந்ததுதான். 2017இல் இரண்டும் சேர்ந்து பறந்தன. இவற்றை அருங்காட்சியகத்தில் பத்திரமாக நிறுத்திவிட்டு, அவ்வப்போது எஞ்சினை மட்டும் ஓட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பறக்கும் நிலையில் வைத்திருக்க அது போதாது. தரையில் கொஞ்சநேரம் ஓடும் எஞ்சினில் எண்ணெய் முழுச்சூட்டுக்கு வருவதில்லை; எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் உள்ளேயே நீராகத் தங்கி எஃகை அரிக்கும். அந்த ஈரம் போக, விமானம் மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.