காசு தேடும் கருவியும் அரிக்கமேட்டு ஓடும்

புதுவை நகருக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் சென்றால், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், மரத்தோப்புகளுக்கு நடுவே இடிந்த செங்கற் சுவர்கள் சில நிற்கின்றன. அரிக்கமேடு என்று பெயர் சொன்னால் நேயர்கள் உடனே அறிவார்கள். ஆனால் அச்சுவர்கள் ரோமாபுரிக் காலத்தவை அல்ல. அவை ஒரு பழைய பாடசாலையின் மிச்சம். சீயத்தில் மூண்ட யுத்தத்தினால் இடம்விட்டு இடம் அலைந்த கிறிஸ்தவக் குருமடம் ஒன்றைப் பிஞோ தெ பெஹேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1770-களில் இங்கே நடத்திவந்தார்.

சென்ற விடுமுறையில் நம் மாணவர்கள் சிலரை அங்கே அழைத்துச் சென்றோம். ஒருவன் உலோகம் கண்டறியும் கருவியைப் பையில் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டான்! "பழைய பள்ளிக்கூடத்தில் காசு விழுந்திராதா, ஸார்?" என்றான். அயல்நாடுகளில் பழைய பள்ளி மைதானங்களில் இக்கருவியுடன் உலாவுவது பலருக்குப் பொழுதுபோக்குத்தான். வளையத்தில் ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் காந்தப் புலத்தைச் செலுத்துகிறது. உலோகம் எதிர்ப்பட்டால் அதில் எழும் சிறு மின்னோட்டம் பதிலளிக்கிறது. காதில் 'கீச்'சென்று ஒலி கேட்கிறது. பொற்காசா, துருப்பிடித்த ஆணியா என்று நிச்சயமாய் அறியத் தோண்டித்தான் பார்க்கவேண்டும்.

கருவியை வெளியே எடுக்க நாம் சம்மதிக்கவில்லை. அது சர்க்கார் பாதுகாப்பிலுள்ள இடம். அனுமதியின்றி அங்கே தோண்டுவது 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். பையனின் முகம் வாடிற்று. சட்டத்தைச் சொல்லிப் பிள்ளைகளைத் திருப்தி செய்ய முடியுமா? கதையைச் சொன்னோம்.

1937-ல் இவ்வூர்ப் பிள்ளைகள் கண்டெடுத்த செதுக்குமணி ஒன்று புதுவைப் பேராசிரியர் ழுவோ துப்ரேயிடம் வந்தது. அதிலிருந்த தலை அகஸ்டஸ் சக்கரவர்த்தியுடையது என்று அவர் கருதினார். ஆயினும் மேற்பரப்பில் கிடைத்த மணி, தான் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று சொல்லுமா? 1945-ல் மார்ட்டிமர் வீலர் அடுக்கடுக்காகத் தோண்டியபோது, இத்தாலியின் அரெட்ஸோ நகரத்துச் செந்நிற மெருகிட்ட ஓடுகள் அகப்பட்டன. அவை செய்யப்பட்ட காலம் தெரியும்; கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதி. ஆகவே உடன் கிடந்த உள்நாட்டு ஓடுகளுக்கும் வயது தெரிந்தது. அதே வகை ஓடு கிடைத்த தென்னாட்டின் வேறு ஊர்களுக்கும் காலம் கணிக்க வழி பிறந்தது. இத்தனையும் உடைந்த மண்பாண்டத்தால்! நம் பையனின் கருவியோ களிமண்ணுக்குச் செவிடு. ஓர் ஆணிக்காக இரண்டடி தோண்டினால் போதும், அடுக்குகள் கலந்துவிடும். அப்புறம் எந்த வீலர் வந்தாலும் வாசிக்க முடியாது.

முன்னமே இங்கே சேதம் கொஞ்சமல்ல. ஜனங்கள் பெரிய பழஞ் செங்கற்களைப் பெயர்த்தெடுத்ததை 18-ஆம் நூற்றாண்டிலேயே லெ ழாந்தீல் எழுதியிருக்கிறார். (சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கவே புதுவைக்கு வந்து, 1769-ல் அந்நேரத்தில் மேகம் மறைத்ததால் ஏமாந்த வானசாஸ்திரி அவர். பாவம், வானம் கைவிட்டாலும் பூமி சிறிது காட்டிற்று!)

திரும்பும்போது அதே பையன் மழை கழுவிய ஓடு ஒன்றைக் குனிந்து எடுத்தான். "எங்கே கிடந்தது?" என்று மட்டும் கேட்டோம். சற்று யோசித்தான். பிறகு போய், எடுத்த பள்ளத்திலேயே, அதே பக்கம் மேலிருக்கும்படி வைத்துவிட்டு வந்தான்.