பூசி மறைத்த விரிசல்

ஏலத்துக்கு வரும் பழைய பாட்டில்களில் அடிபடாதது அபூர்வம். நூறு வருஷமாகக் கைமாறி, சாக்கில் உருண்டு, சில சமயம் மண்ணிலும் புதைந்து கிடந்து வருகிற கண்ணாடியில் ஒரு சில்லோ கீறலோ இருக்கத்தான் செய்யும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சேதம் இருப்பது தெரிந்தும் வாய் திறக்காமல் விற்கிறார்களே, அதுதான் தப்பு. பழைய பாட்டில் வாங்கும் ஆசை இப்போது இளைஞர்களிடமும் பரவியிருக்கிறது. படத்தைப் பார்த்து போனிலேயே ஏலம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோவையில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் கண்ணாடி ஊதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பர்னர் சுடரில் குழாயை உருக்கிக் குடுவையும் கண்டென்சரும் செய்வதும், உடைந்து வருவதை ஒட்டித் தருவதும் தொழில். கண்ணாடி எங்கே உடையும், எப்படி உடையும் என்பது கைக்குப் பழகிய சங்கதி. பாட்டில் சேர்க்கும் பழக்கமும் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் வாங்கியவை, நீலகிரி பங்களாக்களைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்தவை என்று கோலி சோடா பாட்டில், மை பாட்டில், மருந்து பாட்டில் எல்லாம் வீட்டில் இருக்கின்றன.

சேதம் எங்கே ஒளிந்திருக்கும்?

நமக்குத் தெரிந்த கோலி சோடா பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1872-ல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. உள்ளே இருக்கும் வாயு கோலியை மேலே தள்ளும். வாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் கோலி அழுந்தி அடைத்துக்கொள்ளும். கோலியை உள்ளே போட்ட பிறகுதான் வாய்ப்பகுதியை இறுக்கி முடிப்பார்கள். ஆகவே கோலி இல்லாத பாட்டில் ஏலத்துக்கு வந்தால் முதலில் வாயைத்தான் பார்க்க வேண்டும். கோலிக்காகவே பிள்ளைகள் பாட்டிலை உடைத்த கதை இங்கிலாந்திலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு.

ரப்பர் உட்காரும் உள்பள்ளம், கோலியைத் தடுத்து நிறுத்தும் கழுத்து இடுக்கு, அடிப்பாகத்தின் ஓரம் என்று இந்த பாட்டிலில் அடி வாங்கும் இடங்கள் இன்னும் மூன்று உண்டு. ஏலப் படங்களில் பெரும்பாலும் இந்த இடங்கள் தெரியாது. முன்பக்கத்து எழுத்தும் நிறமும் அழகாகத் தெரியும்; வாய்க்குள் ஒரு படம்கூட இருக்காது. விற்பவர் எந்தக் கோணத்தை விட்டிருக்கிறாரோ அந்தக் கோணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எது சேதம், எது சேதமில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிக்குள் இருக்கும் குமிழி, சற்றே கோணலான கழுத்து, அச்சின் இணைப்புக் கோடு எல்லாம் செய்யும்போதே வந்தவை. அடிப்பாகத்தைச் சுற்றி மெல்லிய தேய்மானம் இருந்தால் நல்லதுதான். அலமாரியில் பல காலம் நின்ற பாட்டிலுக்கு அது இருந்தே தீரும். அந்த அச்சுக் கோடு கழுத்தோடு நிற்காமல் வாய் விளிம்பு வரை ஏறியிருந்தால் பாட்டில் இயந்திரத்தில் வார்த்ததாக இருக்கலாம். மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் வந்தது 1903-ல்தான். அப்படிப்பட்ட பாட்டிலை 1850-ஐச் சேர்ந்தது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

கையில் வந்ததும் செய்யும் சோதனை

மண்பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பது போல பாட்டிலையும் விரல் நகத்தால் லேசாகத் தட்டுங்கள். முழுப் பாட்டில் 'ணங்' என்று ஒலிக்கும். விரிசல் ஓடியிருந்தால் ஒலி சட்டென்று அடங்கிவிடும். அடுத்து, அறையை இருட்டாக்கி ஒரு சின்ன டார்ச்சைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்து பாட்டிலை மெதுவாகத் திருப்புங்கள். விரிசலுக்குள் காற்று இருப்பதால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அது வெள்ளிக் கம்பி போலப் பளிச்சிடும். மேற்பரப்புக் கீறல் அப்படிப் பளிச்சிடாது. இடி வாங்கிய இடத்தில் பிறை வடிவில் உள்விரிசல் இருக்கும். மேலே தடவினால் வழவழப்பாகவே இருப்பதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

மண்ணில் கிடந்த பாட்டிலில் வெண்மங்கல் படிந்திருக்கும். ஈரம் கண்ணாடியிலிருந்து சோடியத்தை மெல்ல மெல்ல அரித்து எடுத்துவிடுவதால் வருவது அது. எண்ணெய் தடவினால் மங்கல் மறைந்து பாட்டில் புதிது போல மின்னும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்தால் பழைய முகம் திரும்பிவிடும். கொதிநீர் மட்டும் கூடவே கூடாது. பாட்டில் கண்ணாடி சூட்டில் விரியும் அளவு, ஆய்வகத்தில் நாங்கள் பயன்படுத்தும் போரோசிலிகேட் கண்ணாடியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சுடுநீர் பட்டால் சின்ன விரிசல் கண்முன்னே நீண்டுவிடும்.

மங்கலைப் போக்க இன்னொரு வழியும் உண்டு. செம்புக் கம்பித் துண்டுகளும் பாலிஷ் பொடியும் தண்ணீரும் சேர்த்து பாட்டிலை நாள்கணக்கில் உருட்டுவார்கள். கண்ணாடி தெளிந்துவிடும், ஆனால் புடைத்த எழுத்தின் கூர்மை மழுங்கும். உருட்டியது என்று சொல்லி விற்றால் அதில் தவறே இல்லை.

ஒரு நீல பாட்டில்

பூச்சு வேலை எப்படி வெளிப்படும் என்பதற்கு எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். அறுகோண வடிவில், அடர் கோபால்ட் நீலத்தில் ஒரு விஷ பாட்டில். உட்கொள்ளக் கூடாது என்ற ஆங்கில எழுத்துகளும் செங்குத்து வரிகளும் அதில் புடைத்திருக்கும். இருட்டில் மருந்தைத் தேடுகிற கை தொட்டவுடனே சுதாரித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்து மருந்துக்கடைகள் வைத்திருந்த ஏற்பாடு அது. ஏலம் தொடங்கும் முன்பே, "சில்லு, விரிசல், ரிப்பேர் ஏதாவது உண்டா?" என்று எழுதிக் கேட்டேன். "எதுவும் இல்லை" என்று பதில் எழுத்தில் வந்தது. 6,000 ரூபாய்க்கு எடுத்தேன்.

பார்சலைப் பிரித்து விளிம்பில் விரலை ஓட்டியபோது ஓர் இடம் மட்டும் சில்லிப்பில்லாமல் இருந்தது. கண்ணாடி விரலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், பிசின் இழுக்காது. ஊசி முனையால் தொட்டேன். மற்ற இடங்களில் 'டிக்' என்று கேட்ட சத்தம் அங்கே அமுங்கிப் போனது. புற ஊதா டார்ச்சை அடித்தேன். நீலக் கண்ணாடி இருண்டே இருந்தது. விளிம்பில் ஒரு விரல்நக அளவுத் துண்டு மட்டும் பால் வெள்ளையாக ஒளிர்ந்தது. பெயர்ந்துபோன சில்லுக்குப் பதிலாக எபாக்சி வைத்து, நீலச் சாயம் கலந்து, பாலிஷ் போட்டிருக்கிறார்கள். வேலைப்பாடு என்று பார்த்தால் நேர்த்தியான வேலை. மறைத்ததுதான் பிழை.

ஏலக்காரரை அழைத்தேன். "பழைய பொருள்னா அப்படித்தானுங்க சார் இருக்கும். உள்ளது உள்ளபடின்னு விதியிலயே போட்டிருக்கோமே" என்றார். "பழசாகறது வேறங்க தம்பி, பூசி மறைக்கறது வேறங்க" என்று சொல்லிவிட்டு, அவருடைய எழுத்துப் பதிலையும் புற ஊதா வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் அனுப்பினேன். பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு, கமிஷனோடு சேர்த்து முழுப் பணத்தையும் கொடுத்தார். அவரிடம் வேலை செய்தது என் குரல் இல்லை, அந்த ஒரு வரிப் பதில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64-ஆம் பிரிவில் ஏலத்தைப் பற்றிப் பேசுகிறது. சுத்தியல் விழுந்ததும் விற்பனை முடிந்தது. அதுவரை கேட்ட விலையை யாரும் திரும்பப் பெறலாம். அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு, விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே அட்டவணையில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம்.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் ஒரு நுட்பமான கோடு போடுகிறது. பொதுவாக, வெறுமனே பேசாமல் இருப்பது மட்டும் மோசடி ஆகாது. உண்மையை அறிந்தவர் அதை முனைந்து மறைத்தால் 17-ஆம் பிரிவின்படி அது மோசடி. சில்லைப் பற்றிச் சொல்லாமல் விடுவதும், சில்லில் பிசின் பூசிச் சாயம் தீட்டித் தெரிந்தே விற்பதும் ஒன்றல்ல என்று நான் சொல்வது இதனால்தான். இதற்கு மறுபக்கமும் உண்டு. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நிலையில், தவறான தகவலைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாமல் போகலாம் என்று 19-ஆம் பிரிவு எச்சரிக்கிறது. பார்வை நாளில் நேரில் போய்ப் பார்ப்பதும், முடியாவிட்டால் எழுதிக் கேட்பதும் நமக்கு நாமே செய்துகொள்ளும் பாதுகாப்பு.

பிரிட்டிஷ் அட்டவணைகளில் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் 'ஏ/எஃப்' என்ற இரண்டெழுத்து இருந்தால், குறைகளோடு இருந்தபடியே விற்கிறோம் என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு வாங்கியவர் பிறகு புகார் சொல்ல முடியாது.

ஏமாற்றம் தெரிந்தால்

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். கூரியரில் உடைந்ததா, முன்பே உடைந்திருந்ததா என்ற வாதம் அதோடு முடியும். புது உடைப்பின் ஓரம் கூர்மையாகவும் சுத்தமாகவும் இருக்கும். பழைய உடைப்பில் அழுக்கு ஏறியிருக்கும். சேதத்தைக் கண்ட அன்றே எழுதுங்கள். நாள் கடத்தினால் உங்கள் பேச்சுக்கு எடை குறையும். பாட்டிலை உருட்டவோ ஒட்டவோ அசிட்டோன் தடவிப் பார்க்கவோ செய்யாதீர்கள். வந்தபடியே திருப்பிக் கொடுக்கக்கூடிய நிலையில் அது இருக்க வேண்டும். கடிதத்தில் கோபம் வேண்டாம். அட்டவணையில் இருந்தது இது, கையில் வந்தது இது, நான் கேட்பது இது என்று மூன்றே விஷயம் போதும்.

பணத்தை முழுதாகத் திரும்பக் கேட்பதா, பாட்டிலை வைத்துக்கொண்டு ஒரு பகுதியைக் கேட்பதா? இந்தச் சேதம் முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவுக்குக் கேட்டிருப்பேன் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் நியாயமான தொகை. அடியில் ஒரு சின்னச் சில்லு என்றால் நான் வைத்துக்கொள்வேன். உடம்பில் விரிசல் ஓடியிருந்தால் திருப்பிவிடுவேன். காற்றின் ஈரத்திலேயே விரிசல் மெல்ல நீளும் இயல்பு கண்ணாடிக்கு உண்டு.

நம்மில் பலரும் ஒரு நாள் விற்பவராகவும் ஆவோம். அன்று உங்கள் பாட்டிலின் ஒவ்வொரு சில்லையும் ஒவ்வொரு ஒட்டையும் அட்டவணையில் எழுதுங்கள், படமும் போடுங்கள். விலை கொஞ்சம் குறையும். குறையைச் சொல்லி விற்றவரிடம் அடுத்த பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.