முப்புரிச் சுருளும் டப்பாத் தூளும்

மருந்துக்கடை அலமாரியிலும் கைப்பேசித் திரையிலும், சருமத்தின் சுருக்கம் நீங்கவும் முழங்கால் வலி தீரவும் ஏற்ற உபாயமென்று விளம்பரம் செய்யப்பெற்று, டப்பா டப்பாவாக இன்று விலைபோகிற கொலாஜன் என்னும் புரதத்தின் உருவ ரகசியத்தை அவிழ்த்த பெருமை சென்னைப் பட்டணத்துக்கு உரியது என்பதை, அந்த டப்பாவை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது சந்தேகமே. கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிக் கிடைத்த மங்கலான படத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு, அப்புரதம் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று 1954ஆம் ஆண்டிலும், அம்மூன்றும் தனித்தனியே முறுகியிருப்பதோடு ஒன்றையொன்று தழுவியும் சுருண்டிருக்கின்றன என்று மறு ஆண்டிலும், இங்கிருந்த பௌதிகப் பேராசிரியர் ஒருவர் தம் சகாவுடன் சேர்ந்து அறிவித்தார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்கலாகாது என்று 1963இல் வரைபடம் ஒன்றை வகுத்தளித்ததும் அவர் குழுவே.

நமது சரீரத்திலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜனே. தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருந்துகொண்டு இழுவிசையைத் தாங்குவது அதன் தொழில். கயிறு திரிக்கிறவர்கள் புரிகளை ஒரு திசையில் முறுக்கி, அப்புரிகளை எதிர்த்திசையில் முறுக்கிச் சேர்ப்பது, இழுக்க இழுக்க அவை பிரியாமல் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும் பொருட்டே அல்லவா? கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடமாக முறுகி, மூன்றும் சேர்ந்து வலமாகச் சுருள்கின்றன. அவை நெருங்கிக் கூடுகிற மையத்திலோ ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு மேல் இடமில்லை. ஆகவே, சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சங்கிலியில் மூன்றாம் இடந்தோறும், அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதாகிய கிளைசினே வந்தாக வேண்டும். அவற்றுள் ஏதேனும் ஒரு கிளைசின், மரபணுவில் நேர்ந்த ஓர் எழுத்துப் பிழையால், சற்றே பருத்த வேறோர் அமிலமாக மாறிவிட்டாலும், சுருள் அவ்விடத்தில் நெகிழ்ந்துபோய், தூக்கி எடுக்கும்போதே எலும்பு முறிகிற குழந்தை பிறந்துவிடக்கூடும்.

உருவம் குலைந்தால் தொழிலும் குலையும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சியம் கடலில் கிடைக்கிறது. மாதக்கணக்கில் உப்பிட்ட மாமிசத்தையும் உலர்ந்த ரொட்டியையும் தின்று கடலோடிய மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, என்றோ ஆறிய புண்ணும் மீண்டும் வாய் திறந்துகொள்ளும் ஸ்கர்வி நோய் கண்டது. 1747ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்றின் வைத்தியர், அந்நோயாளிகள் பன்னிருவரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு பதார்த்தம் கொடுத்துப் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினார்கள். ஏன் தேறினார்கள் என்பது அவருக்கு விளங்கியிருக்க நியாயமில்லை. கொலாஜன் சங்கிலியில் அடிக்கடி வருகிற புரோலினோடு ஆக்ஸிஜன் அணு ஒன்றைச் சேர்க்கிற நொதி, வைட்டமின் சி இல்லாவிட்டால் செயலற்றுப்போகிறது. அந்த ஆக்ஸிஜன் சேராத முச்சுருளோ ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திலேயே அவிழ்ந்துவிடும். 37 பாகை வெப்பமுள்ள மனித உடலில் அது எங்ஙனம் நிற்கும்? ஆறிய புண்ணைப் பிணைத்திருந்த பழைய கொலாஜன் நாளடைவில் தேய, அதன் ஸ்தானத்துக்குப் புதியது வந்து சேராமையால், தழும்பு பிளந்தது.

அழகைப் பற்றி எழுதுங்கள் என்றுதான் ஆசிரியர் கேட்டார். நான் ஸ்கர்வியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆயினும் விஷயம் அழகுக்கு அதிக தூரத்தில் இல்லை. ஆட்டுக்கால் சூப்பை இறக்கி ஆறவைத்தால் அது கெட்டிப்பட்டுத் தளதளவென்று நிற்பதைப் பார்த்திருக்கிறோம். கொதியில் முச்சுருள் அவிழ்ந்து, கொலாஜன் ஜெலாட்டினாகிவிட்டதன் விளைவு அது. கடைத் தூளில் அவிழ்ந்த அந்தச் சங்கிலிகளையும் நொதிகளால் சிறு துண்டுகளாக நறுக்கியிருக்கிறார்கள். எந்த உருவத்தால் அது கொலாஜன் ஆயிற்றோ அந்த உருவத்தில் லவலேசமும் எஞ்சாத ஒன்றுக்கு அப்பெயரையே சூட்டி விற்கிறார்கள். வயிற்றில் விழுந்தபின் அது அமினோ அமிலங்களாகவும் அவற்றின் மிகச் சிறு துணுக்குகளாகவும் பிரிந்து இரத்தத்தில் கலக்கிறதேயன்றி, முழுச் சுருளாகக் கன்னத்தைத் தேடிச் சென்று படிவதில்லை. அத்துணுக்குகள் தோலின் உயிரணுக்களைத் தூண்டக்கூடும் என்பதற்குச் சில சிறிய பரிசோதனைகளை எடுத்துக் காட்டுகிறவர்களும் உண்டு, இருக்கட்டும்.

என் கவலை சுருக்கத்தைப் பற்றியதன்று. கொலாஜனில் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம் அறவே கிடையாது. உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாது, ஆகாரத்தின் வாயிலாகவே பெறவேண்டியவற்றுள் அதுவும் ஒன்றாகையால், தனித்து உண்ணப்படுகிற கொலாஜனின் புரதத் தரத்தைச் சத்துணவு சாஸ்திரிகள் பூஜ்யம் என்று மதிக்கிறார்கள். பற்கள் போய், பசி குறைந்து, பருப்பும் முட்டையும் ஜீரணமாகவில்லை என்று சொல்லிக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிற வயோதிகர்களுக்கு, அயலூரிலிருக்கும் மக்கள் அன்போடு வாங்கி அனுப்புகிற டப்பா இதுவாக இருந்து, புரதந்தான் சேர்ந்துவிட்டதே என்ற திருப்தியில் பருப்புக் கிண்ணமும் ஓரங்கட்டப்படுமானால், அந்த வீட்டில் நேர்கிற நஷ்டம் பணத்தோடு போவதன்று. நாளுக்கு நாள் மெலிகிற தசையை எந்தக் கண்ணாடியும் உடனே காட்டிக்கொடுப்பதுமில்லை. சருமத்தைப் பற்றிய வாக்குறுதியை முகப்பில் விரலளவு எழுத்தில் அச்சிடுகிறவர்கள், இதில் டிரிப்டோபன் இல்லை, இது அன்றாட ஆகாரத்துப் புரதத்துக்கு மாற்றாகாது என்னும் ஒரு வரியை, அதே முகப்பில், அதே எழுத்தின் பாதி அளவிலேனும் அச்சிடும்படி சட்டம் செய்ய எத்தனை காலம் வேண்டும்?