உங்களுக்குத் தெரியுமா?
இரசிகர்கள் மீட்ட ராஜ்ஜியம்

'கிங்ஸ் குவெஸ்ட்' 1984இல் வெளிவந்த கணினி விளையாட்டு. ரொபர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைக்க, சியரா ஒன்லைன் நிறுவனம் வெளியிட்டது. கிரஹாம் என்ற வீரன் மாயக்கண்ணாடி, கேடயம், பொன் நிறைந்த பெட்டி மூன்றையும் தேடி டாவென்ட்ரி நாடெங்கும் அலைகிறான். திரையில் 16 நிறங்கள்தான். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். குள்ளன் ஒருவன் தன் பெயரைக் கேட்பான். ஆங்கில நெடுங்கணக்கையே தலைகீழாக்கி, முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்தை வைத்து எழுதினால்தான் விடை. எத்தனை பேரைத் திணறடித்த புதிர் அது!

2001இல் டியேரா என்ற இரசிகர் குழு (இன்றைய ஏஜிடி இன்டராக்டிவ்) இதை 256 நிறங்களிலும் மவுஸ் கட்டுப்பாட்டிலும் புதிதாக உருவாக்கி இலவசமாகவே கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தின் மறுஆக்கத்தில் கதையையே விரித்து எழுதினார்கள். என் பார்வையில் அதுதான் அவர்களின் உண்மையான சாதனை.

பழைய கதையை இலவசமாகப் புதுப்பிப்பது நமக்குப் புதிதல்ல. மாசியில் கம்பம் ஊன்றி, கூலி எதிர்பாராமல் காமன் கூத்தை ஆண்டுதோறும் புதிதாக ஆடுகிறவர்கள் நம் தோட்டத்து மக்கள்.

டியேரா குழு பயன்படுத்திய 'அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ' மென்பொருள் இன்றும் இலவசம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கணினி படிக்கும் தம்பி தங்கைகளே, நம் கூத்துக் கதையான பொன்னர் சங்கரை அதில் விளையாட்டாக்க முயன்று பாருங்கள்!