தனுஷ்கோடி மணல்ல என்ன படம் எடுக்கிறது?

தனுஷ்கோடி போயிட்டு வந்த பலர் சொல்றது ஒண்ணுதான்: "சுத்தி மணலும் கடலும்தான். அதுல என்ன எடுக்கிறது?" இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

நம்ம திணை மரபில் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு மாறினால் அதுதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். தனுஷ்கோடி நெய்தல் நிலம். ஆனா அதுவும் மாறிப்போன நிலம்தான். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடிக்கும் வரை இங்கே ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம், இலங்கைக்குக் கப்பல் எல்லாம் இருந்தது. அன்னைக்கு பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கடல் கொண்டுபோயிடுச்சு. அதனால நான் அங்கே தேடுறது அழகான வெறுமையை இல்ல, மாற்றத்தோட தடயங்களை.

தடயம் தெரியணும்னா வெளிச்சம் சாய்வா விழணும். சூரியன் உதிச்ச முதல் ஒரு மணி நேரத்துல காத்து போட்ட மணல் வரிகளுக்கு நிழல் இருக்கும். உச்சிவெயில்ல எல்லாம் தட்டையாயிடும். பளீர் மணலை கேமரா சாம்பல் நிறமா மாத்திடும். எக்ஸ்போஷரை கொஞ்சம் கூட்டி வைங்க.

அப்புறம், குனிஞ்சு பாருங்க. நண்டு உருட்டிப் போட்ட மண் உருண்டைகள், மணலைப் பிடிச்சு நிறுத்துற அடும்பங்கொடி, காத்துல உருண்டு ஓடுற இராவணன் மீசை. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, ஊர்க்காரங்க சொல்ற ஆண்கடல். மறுபக்கம் பாக் நீரிணை, பெண்கடல். கொஞ்ச தூரம் நடந்தா அலையும் நிறமும் வேற.

முக்கியமான விஷயம் ஒண்ணு. இடிஞ்ச தேவாலயத்தை எடுத்துப் போட்டு "பேய் நகரம்"னு கேப்ஷன் வைக்கிறது சுலபம். ஆனா அந்தச் சுவர்களுக்குப் பக்கத்திலேயே மீனவக் குடும்பங்கள் வாழுது. மணலைக் கையால தோண்டி ஊற்றுத் தண்ணி எடுக்கிறாங்க. மணல் உறிஞ்சின மழைத் தண்ணி உப்புத் தண்ணியைவிட லேசு, அதனால அது மேலேயே நிக்கும். கடலுக்கு நடுவுல நல்ல தண்ணி! இதைவிட நல்ல கதை வேணுமா? கேமராவைத் தூக்கும் முன்னாடி பேசுங்க, கேட்டு எடுங்க. ஆட்கள் வேண்டாம்னு சொன்னா, அந்த ஊற்று மட்டும் போதும்.

அடுத்த தடவை போறப்போ ஒரே இடத்துல ஒரு மணி நேரம் உட்காருங்க. பத்தே படம். அந்தப் பத்தும் இங்கே என்ன நடந்துச்சு, இப்போ யார் இருக்காங்கன்னு சொல்லணும்.