கேமரா பேட்டரி காலை வாரிவிடாமல் இருக்க...

சில வருடங்களுக்கு முன் தாத்தாவின் சதாபிஷேகத்திற்கு ஊருக்குப் போயிருந்தேன். போட்டோ எடுப்பது என் பொறுப்பு. நான்கு பென்சில் செல் (ஏஏ) போடும் டிஜிட்டல் கேமரா அது. கிளம்பும் அவசரத்தில் பஸ் நிலையக் கடையில் நான்கு செல்கள் வாங்கிப் போட்டேன். பத்துப் பன்னிரண்டு படங்கள்தான் வந்தன. தாத்தா, பாட்டி தலையில் கலச நீர் ஊற்றும் நேரத்தில், நீட்டிய லென்ஸ் நீட்டியபடியே கேமரா அணைந்துவிட்டது. அந்தப் படம் இன்றுவரை எங்கள் ஆல்பத்தில் இல்லை.

தீர்ந்துபோன செல்தானே என்று அவற்றில் ஒன்றைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுப் பார்த்தேன். பல மாதங்கள் ஓடியது! செல்லில் மின்சாரம் தீரவில்லை. கேமரா கேட்ட வேகத்தில் அதனால் தர முடியவில்லை, அவ்வளவுதான். கடிகாரம் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். கேமராவோ பிளாஷ், லென்ஸ் மோட்டார், திரை என்று மடக்கு மடக்காகக் குடிக்கும்.

எதை வாங்கலாம்?

நான் வாங்கியது சாதாரண ஜிங்க் கார்பன் செல். இது கடிகாரத்திற்கும் ரிமோட்டிற்கும் போதும், கேமராவிற்கு வேண்டாம். அல்கலைன் செல் இதைவிட மேல். ஆனால் அவசரத்திற்கு மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

தொடர்ந்து படம் எடுப்பவர்களுக்கு ஏற்றது, ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். இதில் 1.2 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும். அல்கலைனில் 1.5 இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். கேமரா இழுக்கும்போது அல்கலைனின் வோல்ட் சரியும். இதுவோ கடைசிவரை ஏறக்குறைய 1.2லேயே நிற்கும். சும்மா வைத்தாலே சார்ஜ் இறங்கிவிடும் என்ற குறையும், 2005ல் சான்யோ நிறுவனம் எனலூப் செல்லைக் கொண்டுவந்த பின் பெருமளவு நீங்கியது. வாங்கும்போது 'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்' வகையா என்று கேளுங்கள்.

நீண்ட நாள் உழைக்க...

* 2000 எம்ஏஎச் செல்லை 200 மில்லி ஆம்பியர் சார்ஜரில் போட்டால் 10 மணி நேரம் என்று கணக்கு வரும். கொஞ்சம் வெப்பமாக வீணாவதால் 14 முதல் 16 மணி நேரம் பிடிக்கும். சார்ஜ் ஆனதும் தானே நிறுத்தும் சார்ஜராக வாங்குங்கள்.

* பழையது, புதியது, வேறு வகை என்று கலந்து போடாதீர்கள். ஒன்றாக வாங்கியவை ஒன்றாகவே இருக்கட்டும்.

* சாதாரண செல்லை ஒருபோதும் சார்ஜரில் போடாதீர்கள். கசியலாம், வெடிக்கவும் கூடும்.

* சில கேமராக்களின் மெனுவில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதைச் சரியாக அமைத்திடுங்கள்.

* எடுத்த படங்களைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்க்காதீர்கள். கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது கார்டு ரீடர் பயன்படுத்தினால் கேமரா பேட்டரி மிச்சம்.

* கேமராவை அலமாரியில் வைக்கும் முன் செல்களை எடுத்துவிடுங்கள். கசிந்தால் உள்ளே இருக்கும் உலோக முனைகளை அரித்துவிடும்.

உங்கள் கேமரா லித்தியம் அயன் பேட்டரி உள்ளதா? அதை முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் செய்ய வேண்டும் என்பதில்லை. பல மாதம் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். உப்பிவிட்டால் பயன்படுத்தவே கூடாது.

இப்போதெல்லாம் விசேஷத்திற்குக் கிளம்பும் முதல் நாளே நான்கு செல்களை சார்ஜ் ஏற்றி, இன்னொரு நான்கைச் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். செல் மறுபடி கிடைக்கும்; அந்த நிமிடம் கிடைக்காது.